ஓடைத் தண்ணீர் அக்கா

எங்கள் ஆய்வகத்துக்குள் யார் நுழைந்தாலும் அக்கா முதலில் அவர்கள் தலையை மோந்துதான் பார்ப்பாள். வணக்கமெல்லாம் அப்புறம். தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். மல்லிகைப் பூ என்றால் கழற்றி வெளி ஜன்னலில் வைத்துவிட்டு வர வேண்டும். பவுடர் என்றால் முகம் கழுவ வேண்டும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் ஒருவரையும் இப்படி மோந்து பார்த்துவிட்டு, "சார் ஜவ்வாது போட்டிருக்கிய. அந்த மேசைப் பக்கம் மட்டும் போயிராதிய" என்றாள். அவர் சிரித்துவிட்டார். எங்கள் துறைத் தலைவருக்குத்தான் முகம் வெளிறிப்போனது.

அந்த மேசையில்தான் அவளுடைய பாட்டில்கள் இருக்கும். பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளித்தாள் சட்டை. உள்ளே இருப்பது தாமிரபரணிப் பக்கத்து ஓடைத் தண்ணீர். தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி இருக்கிற கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு ஓடையை ஆராய்கிறவள் அவள் ஒருத்திதான். நானெல்லாம் முத்துச்சிப்பி. தொட்டியில் சிப்பியைப் போட்டு, அது சாப்பிடுகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள் என்றாலும் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. துறைத் தலைவர்கூட அவசரத்தில் "அக்காவக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்.

அவள் வீடு கடற்கரையில். அப்பா தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போய் வந்தவர். "கடல்ல இம்புட்டுத் தண்ணி கெடக்கு. எம் மவ ஓடைத் தண்ணியத் தேடி பஸ் ஏறிப் போறா" என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சலித்துக்கொள்கிற மாதிரி சொன்னாலும் பெருமை பொங்கி வழியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அக்கா தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்ததும் சிலுவை போடாமல் தண்ணீரை உற்றுப் பார்ப்பாளாம். அம்மா பின்னாலிருந்து தொடையில் கிள்ளுவார்களாம்.

அப்படி அந்தத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"டீத்தூள வடிகட்டியாச்சா?"

"ஆச்சு."

"பெறவும் டீ டீயாத்தானளா இருக்கு? அந்த நெறமும் வாசமும் எங்கன போச்சு? தண்ணிக்குள்ளதான கெடக்கு? ஓடையும் அப்படித்தான். எல, சருகு, வேரு, மண்ணு, மாட்டுச் சாணி எல்லாம் ஊறி, வடிகட்டினாலும் போகாமக் கெடக்கும். அதத்தான் நான் படிக்கேன்."

கரைந்த கரிமப் பொருள் என்று அதற்கு ஒரு கம்பீரமான பெயர் உண்டு. அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஓடை குடிச்ச டீ" என்பாள். அந்த டீயில் இலை எவ்வளவு, சாக்கடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் அவளுடைய சோலி. நம் விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி பாட்டிலுக்குள் போனால் போதும், ஓடையின் கணக்கே மாறிவிடும். அதனால்தான் இந்த மோப்பம் எல்லாம்.

மோப்பம் மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அக்காவின் குணம் வேறு. எது தப்பாகப் போனாலும் முதல் சந்தேகம் தன் மேல்தான் அவளுக்கு. கருவி தப்பான எண் காட்டினால் நாங்கள் எல்லோரும் கருவியைத் திட்டுவோம், கரண்டைத் திட்டுவோம், விற்ற கம்பெனியைத் திட்டுவோம். அக்கா மட்டும் கையை விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். "மெஷின ஏசாத. மொதல்ல நம்ம கையப் பாரு."

பேக்கரிக் கதை எங்கள் கல்லூரி முழுக்கப் பிரசித்தம். பாட்டில்களை உலையில் வைத்துச் சுட வேண்டும். ஒட்டியிருக்கிற அழுக்கெல்லாம் எரிந்துபோக வேண்டும் என்பதற்காக. ஒரு சமயம் எங்கள் உலை கெட்டுப்போய், பழுது பார்க்கிறவர் நாளை வாரேன், மறுநாள் வாரேன் என்று இழுத்தடித்தார். அக்கா ஒரு கூடை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே மக்ரூன் போடுகிற பேக்கரிக்குப் போய்விட்டாள். நானும் கூடப் போனேன், மக்ரூன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

அங்கிருந்த அண்ணாச்சி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன மாவும்மா வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வெறும் பாட்டில்."

"வெறும் பாட்டிலச் சுட்டு என்ன செய்யப் போற?"

"தண்ணி புடிக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். இந்தப் பிள்ளையை வீட்டில் யாரும் டாக்டரிடம் காட்டவில்லையா என்கிற பார்வை. ஆனாலும் நல்ல மனிதர். மக்ரூன் தட்டு வெளியே வந்ததும் அடுப்பைக் கூட்டி வைத்து பாட்டிலைச் சுட்டுக் கொடுத்தார். மறுநாள் அந்த பாட்டிலில் ஒன்றுமே கலக்காத சுத்தத் தண்ணீரை ஊற்றி அளந்தால், ஓடைத் தண்ணீரைவிட அழுக்கு என்று காட்டுகிறது. நாங்கள் வழக்கம்போலக் கருவியைத் திட்ட ஆரம்பித்தோம். அக்கா பாட்டிலை மோந்து பார்த்தாள். சீனியும் முந்திரியும் மணத்தது. "அடியே, இது மக்ரூன் ஓடைளா!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து எழுந்து, துறைத் தலைவரிடம் போய், "தப்பு எங் கைல சார். அந்தச் சூடு பத்தாதுன்னு தெரிஞ்சுதான் போனேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் கேட்கக்கூட இல்லை.

இந்தக் குணத்தைப் பார்த்தால் எனக்குச் சில சமயம் பற்றிக்கொண்டு வரும். ஏரலிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் ஓர் ஆள் முழங்கையால் இடித்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்த பாட்டிலை உடைத்துவிட்டான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அவனிடம் "மன்னிச்சிக்கிடுங்க அண்ணே, கால்ல கண்ணாடி பட்டிச்சா?" என்று கேட்கிறாள். நான் அந்த ஆளை ஏசின ஏச்சில் கண்டக்டர் ஓடி வந்தார். இறங்கின பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒனக்கு என்ன கோட்டியாக்கா? இடிச்சவன் அவன், மன்னிப்புக் கேக்கது நீயா?" என்றேன். "மடியில வச்சிருக்கணும்ளா. எதுக்கு சீட்டுல வச்சேன்?" என்றாள். இப்படி ஒருத்தி இருந்தால் ஊரே அவள் தலையில் மிளகாய் அரைத்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். அவள் ரொம்பப் பயந்த சுபாவம் என்றும் முடிவு கட்டியிருந்தேன். ஓடைக்கரை விவகாரம் வரும் வரைக்கும்.

ஏரலுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். ஊரைத் தொட்டு ஓர் ஓடை. ஓடையோரம் தென்னந்தோப்பை ஒட்டித் தேங்காய் மட்டை ஊறப்போடுகிற குழி ஒன்று இருந்தது. ஊறின மட்டையை அடித்து நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். குழி ஓர் அம்மாவுடையது. ஊரே அவரை மதினி என்று கூப்பிட்டது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மரத்திலிருந்து விழுந்து முதுகு போன கணவர், காலேஜ் படிக்கிற இரண்டு பெண்கள். எல்லாம் அந்தக் குழியை நம்பித்தான்.

மழைக்காலம் தொடங்கியதும் ஓடைத் தண்ணீர் பழுப்பாகிப்போனது. குளித்தால் மேலெல்லாம் அரிக்கிறது என்று பேச்சு கிளம்பிற்று. ஓடையின் இரண்டு கரையிலும் வாழை போட்டிருந்தவர்கள் கூடி, மட்டைக் குழிதான் காரணம், மூட வேண்டும் என்றார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த அண்ணாச்சி ஒருவர் நியாயமானவர். பரிசோதிக்காமல் மூட வேண்டாம் என்று எங்கள் துறைத் தலைவரைப் பிடித்தார். துறைத் தலைவர் அக்காவை அனுப்பினார். நானும் போனேன்.

குழிக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கம், ஓடை முழங்கால் ஆழம். இறங்கி நின்று பாட்டிலிலேயே பிடித்துவிட்டோம். குழிக்குக் கீழே பாலத்தடியில் பள்ளம், வெள்ளம் ஆழமாக ஓடியது. பாலத்தின் மேல் நின்று எவர்சில்வர் வாளியை நைலான் கயிற்றில் விட்டு இறைக்க வேண்டும். முதல் தடவை இறக்கும்போதே பாலத்துக் கல்லில் உரசி கயிறு அறுந்துவிட்டது. வாளியை ஒருவர் நீந்திப் போய் எடுத்துத் தந்தார். கயிற்றுக்கு என்ன செய்ய என்று நாங்கள் முழித்துக்கொண்டு நிற்கும்போது மதினி வீட்டுக்கு ஓடிப்போய் அன்றைக்குத் திரித்த புதுக் கயிற்றைக் கொண்டுவந்தார்.

"இதக் கட்டுளா. யானையக் கட்டி இழுத்தாலும் அறாது."

தன் குழியைச் சோதிக்க வந்தவர்களுக்குத் தன் கயிற்றைத் தருகிறாரே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அக்காதான் முடிச்சுப் போட்டாள், அக்காதான் இறைத்தாள்.

ஆய்வகத்தில் அளந்தால், கீழே எடுத்த தண்ணீரில் கரைந்து கிடப்பது மேலே எடுத்ததைவிடப் பல மடங்கு. அக்கா இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். பாட்டிலைச் சோதித்தாள், வடிகட்டுகிற தாளைச் சோதித்தாள், இரண்டு நாள் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குள் துறைத் தலைவர் பொறுக்க முடியாமல் அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்க்கூட்டம், முடிந்த கையோடு ஜேசிபி வைத்து மண் தள்ளுவது என்று ஊரில் முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை மதினி அக்காவுக்குப் போன் செய்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. ஏசுவார் என்று நினைத்தேன். அழுதார்.

"ஏளா, வார வாரம் மட்ட ஏத்தப் போற வண்டிய நிப்பாட்டியாச்சு. ஒனக்கு ஒத்தாச செய்யணும்னுதானளா கயிறெடுத்துத் தந்தேன். எனக்குப் போயி இப்படி எழுதிட்டியே."

அக்கா போனை வைத்தாள். "கயிறு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த வாளியிடம் போய், அதில் இன்னும் கட்டியிருந்த கயிற்றில் ஒரு முழம் வெட்டி, சுத்தத் தண்ணீர் ஊற்றின கண்ணாடிக் குவளையில் போட்டாள். மதியம் நாங்கள் சாப்பிட்டு வந்து பார்த்தபோது குவளையில் நல்ல கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் இருந்தது. ஈரம் காயாத நார்க்கயிறு. முடிச்சோடு தொங்கின நுனி வாளித் தண்ணீரிலேயே ஊறி, இழுக்க இழுக்கச் சாறு வடிந்து அதற்குள் இறங்கியிருக்கிறது. ஊர்த் தலையெல்லாம் மோந்து பார்த்தவள் கயிற்றை மோக்கவில்லை. மோந்தாலும் பிரயோஜனம் இல்லை, மட்டை ஊறுகிற நாற்றத்தில் அந்த இடத்தில் வேறு எதுவும் மூக்குக்கு எட்டாது.

துறைத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர், பெயர் கெடுவதற்குப் பயந்தவர். "இப்போ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அடுத்த மாசம் மறுபடி தண்ணி எடுப்போம். கருவியில கோளாறுன்னு சொல்லித் திருத்தி அனுப்பிருவோம்" என்றார்.

"குழிய மூடின பெறவு தண்ணி எடுத்து என்ன சார் செய்ய?" என்றாள் அக்கா. "கருவி நல்லாத்தான் இருக்கு. முடிச்சுப் போட்டது நானு."

மறுநாள் என் ஸ்கூட்டியில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. கொஞ்சம் தள்ளி ஜேசிபி நின்றது, டிரைவர் அதன் கையிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா நேரே நடுவில் போய் நின்றாள்.

"நான் எடுத்த தண்ணி தப்பு. வாளியில நார்க்கயிறு கட்டிட்டேன். கயித்துச் சாறு தண்ணியில எறங்கிட்டு. அந்தக் கணக்க வச்சிக் குழிய மூடாதிங்க. தப்பு எங் கைல."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பியது. "படிச்ச பிள்ள கயித்துல கோட்ட விட்டுட்டாளே!" என்று யாரோ கத்தினார்கள். எனக்குக் காது சூடேறிற்று. மதினி ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எந் தாயி, நீ நல்லாருப்ப" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா நிறுத்தவில்லை.

"இல்ல மதினி. ஒங்க குழியும் சும்மா இல்ல. அதுவும் நெறம் விடத்தான் செய்யும். எம்புட்டுன்னுதான் இன்னும் தெரியல."

மதினி கையை உருவிக்கொண்டார். "நீ எனக்குப் பேச வந்தியா, அவியளுக்குப் பேச வந்தியா?"

"நான் செஞ்ச தப்பச் சொல்ல வந்தேன். அதுக்காவ இன்னொரு பொய்யச் சொல்ல முடியுமா?"

அண்ணாச்சி எழுந்தார். "அன்னைக்குச் சொன்னது தப்புன்னா, நாளைக்கு நீ சொல்லப் போறத மட்டும் நாங்க எப்படிம்மா நம்புறது?"

"நம்பாதிங்க அண்ணாச்சி. காலையில நீங்களே எறங்கி அள்ளித் தாங்க. மதினியும் அள்ளட்டும். ஆனா ஒருத்தரும் தலைக்கு எண்ண வைக்கக் கூடாது."

இப்போது சிரிப்பு வேறு மாதிரி எழுந்தது. ஜேசிபியை ஒரு வாரம் நிறுத்தி வைப்பது என்று அண்ணாச்சி சொன்னார். அப்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. இந்தப் பொம்பளையா பயந்தவள்? எனக்கு அழுகை வந்துவிட்டது, பெருமையில்தான்.

மறுநாள் காலை நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். வாழைக்காரர்கள் சீயக்காய் தேய்த்துக் குளித்து, பரட்டைத் தலையோடு வரிசையாக நிற்கிறார்கள். அக்கா ஒவ்வொரு தலையாக மோந்து வருகிறாள். அண்ணாச்சி பழக்க தோஷத்தில் மீசைக்கு எண்ணெய் தடவியிருந்தார். "போயிக் கழுவிட்டு வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பினாள். அவர் வீட்டம்மா வாசலில் நின்று கைதட்டிச் சிரித்தார். பாலத்தில் இந்த முறை வாளியே இல்லை. சுத்தமான எவர்சில்வர்க் கம்பியில் பாட்டிலைக் கட்டி இறக்கினோம். மதினி அக்காவைப் பாராமலே உறை மாட்டின கையால் பாட்டிலைப் பிடித்துத் தந்துவிட்டுப் போனார்.

குழிக்கு மேலும் கீழும் எடுத்தது போதாது என்று, அக்கா ஓடையோடு இன்னும் மேலே, வாழைத் தோட்டம் எல்லாம் தொடங்குவதற்கும் முன்னால் போய் ஒரு பாட்டில் எடுக்கச் சொன்னாள். போகிற வழியில் பார்த்தோம். தார் வெட்டின வாழைத்தண்டும் சருகும் கரை நெடுக ஓடைக்குள் தள்ளிவிடப்பட்டு, அழுகி, மழையில் ஊறிக் கிடந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "எல்லாரும் போடுறதுதான்" என்று முனகினார். அக்கா மேலே நடந்துகொண்டே இருந்தாள்.

அளக்கிற அன்று அவள் யாரையும் பக்கத்தில் விடவில்லை. வெறும் தண்ணீரை அளந்தாள், பாட்டில்களை மோந்தாள், திரும்பவும் வெறும் தண்ணீரை அளந்தாள். பிறகுதான் ஓடை. தோட்டங்களுக்கு மேலே தண்ணீர் தெளிவு. தோட்டங்களைத் தாண்டிக் குழிக்கு வருவதற்குள்ளேயே பெரும்பகுதிப் பழுப்பு ஏறிவிட்டது. குழி தன் பங்குக்கு அதன் மேல் கொஞ்சம் சேர்த்தது. கொஞ்சம்தான், ஆனாலும் சேர்த்தது. துறைத் தலைவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சிக்குச் சொல்லிரட்டுமா?" என்றார். அக்கா கையை நீட்டி அந்தப் போனை வாங்கி மதினியின் எண்ணை அழுத்தினாள்.

"மதினி, நாந்தான்."

"சொல்லு." குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"குழிய மூட வேண்டாம். கரையில கெடக்க வாழைத்தண்டுலதான் நெறையா வருது. அத அவிய அள்ளணும். ஒங்க குழித் தண்ணியும் ஓடையில போகக் கூடாது. தோப்புக்குள்ள வாய்க்கா வெட்டித் தென்னைக்குத் திருப்பி விடுங்க. ரெண்டையும் எழுதித்தான் குடுக்கப் போறேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று அக்கா காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள்.

"வாய்க்கா தானளா? வெட்டிரலாம்" என்றார் மதினி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, நம்பாதவர் மாதிரி கேட்டார். "அப்போ மட்ட வண்டிக்குச் சொல்லிரட்டா?"

"சொல்லிருங்க மதினி."

போனை நிறுத்த அவர் மறந்துவிட்டார். தோப்பில் யாரையோ பார்த்து, "ஏலே, வண்டிய எடுங்கல! மட்ட ஏத்தணும், வண்டிய எடுங்கல!" என்று கத்திக்கொண்டே ஓடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. துறைத் தலைவர் போனுக்குக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றாள்.